அறை வெப்பநிலை

தண்டையார்பேட்டையில் எங்கள் ஆய்வகம்
பழைய ஐஸ் குடோன் ஒன்றின் மாடி.
கீழே இப்போது டயர் ரீட்ரெடிங்.
எங்கள் பம்ப் ஓடினால் அவர்கள் கத்துவார்கள்,
அவர்கள் மெஷின் ஓடினால்
எங்கள் துகள்கள் நடுங்கும்.

குளிர் பிளாஸ்மா என்று பெயர்.
எலக்ட்ரான்கள் மட்டும் இருபதாயிரம் டிகிரியில் அலைய
மற்றதெல்லாம் அறையின் சூட்டிலேயே இருக்கும்.
அறையின் சூடு இருபத்தைந்து என்கிறது புத்தகம்.
புத்தகம் மே மாதத்தில்
கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டியதில்லை.

மிதக்கவிடுவதற்கென்று ஜெர்மனியிலிருந்து வரும்
பிளாஸ்டிக் மணிகள் தீர்ந்துபோயின.
ஒரு கிராம், என் மூன்று மாத உதவித்தொகை.
அத்திப்பட்டில் எங்கள் வீட்டில்
துணியை உதறிவிட்டுத்தான் மடிப்போம்.
அம்மாவின் நைட்டியை நியூஸ்பேப்பர் மேல் உதறி
மாத்திரை டப்பாவில் அடைத்து
பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

சலித்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்
இவ்வளவு உருண்டையாக இருக்க அதற்கு
என்ன உரிமை என்று தோன்றியது:
உலை ஊதிவிட்ட கண்ணாடிக் குமிழ்கள்.

ஆர்கான் விட்டேன். ஊதா கசிந்தது.
உப்பு தூவுவதுபோல் டப்பாவைத் தட்டினேன்.

விழவில்லை.

தகட்டுக்கு அரை விரற்கடை மேலே
பச்சை லேசரில்
ஒவ்வொன்றும் எலக்ட்ரான்களை வாரிப் பூசிக்கொண்டு
ஒன்றையொன்று கிட்டே விடாமல், விலகியும் போகாமல்,
ரேஷன் கடையில் பை வைத்து
இடம் பிடித்த மாதிரி நின்றன.
எங்கள் கொடியில் இறங்கிய சாம்பல்
இறங்காமல் நின்று
இப்போதுதான் பார்க்கிறேன்.

விமலநாதன் சார் எட்டிப் பார்த்தார்.
"அளவு சீரா இல்ல. பேப்பர்ல போட முடியாது."
சொல்லிவிட்டு,
டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

செவ்வாயும் வியாழனும் கிளினிக்.
அங்கே அதே வாயு, பேனா அளவுக் குழாயில்.
தேசப்பனுக்கு காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை.
பெருவிரல் போய்விட்டது,
பாதத்தின் அடியில் பதினோரு மாதப் புண்.
"இன்னாம்மா, வெல்டிங் மாதிரி கீது."
சுடாதுண்ணே.
"சுட்டாலும் எனுக்குத் தெரியாதே."

நெறிமுறைக் குழுவுக்கு நாங்கள் கொடுத்த
நாற்பது பக்கத்தில் இந்தப் பதில் இல்லை.
அதனால் ஒவ்வொரு முறையும்
முதலில் என் மணிக்கட்டில் பிடிப்பேன்.
யாரோ வாயைக் குவித்து ஊதுகிற மாதிரி.
அவர் என் முகத்தையே பார்ப்பார்,
தன் கால் என்ன உணர்கிறது என்று
அங்கே எழுதியிருப்பதுபோல.

தொண்ணூறு வினாடி.
நர்ஸ் பெனினா கடிகாரம் பிடிப்பாள்.
ஓசோன் மூக்கில் ஏறும். "மின்னல் வாசன,"
கடலில் மாட்டிக்கொண்ட ஒரு ராத்திரியைச் சொல்வார்,
வாரத்துக்கு ஒரு விதமாக.

பட்டர் பேப்பரில் புண்ணின் ஓரம் வரைந்து
கட்டம் எண்ணுவோம்.
பதினான்கு. பதிமூன்று. பதினொன்று.
தடைக்காலம் முடிந்து படகுகள் போனதும்
இரண்டு செவ்வாய் வரவில்லை.
பிறகு நனைந்த கட்டோடு வந்தார். பன்னிரண்டு.
அதையும் எழுதினேன். வரைபடத்தில்
சார் அழிக்கச் சொல்லாத சின்ன மேடு.

அன்று ராத்திரி மறுபடி சாம்பலை மிதக்கவிட்டேன்.
இதைத் தாங்குகிற கரண்ட்டும்
அதே புகைபோக்கியின் அடியிலிருந்துதான் வருகிறது
என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
தண்டையார்பேட்டை முழுக்க அணைந்தது.
கீழே டயர்க்காரர்கள் யாரையோ திட்டினார்கள்.
டார்ச் அடித்தேன்.
அத்தனையும் தகட்டில்,
விரலால் பெயர் எழுதலாம்போல்
வெறும் தூசி.

கரண்ட் வந்ததும்
டப்பாவில் மீதி இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன்.
இருந்தது.
அதற்கு மட்டும் எங்கள் ஊரில்
பஞ்சமே வந்ததில்லை.